கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லும் என்றேன், தவமணி

என் அன்புத் தவமணிக்கு,

நீர் போய் மூன்று வருடமாகிறது. இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதாதவர் இன்று ஏன் எழுதுகிறார் என்று நினைப்பீர். வருகிற வியாழக்கிழமை நான் வைத்தியரிடம் ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

எதையும் இலக்கம் போட்டு எழுதினால்தான் எனக்கு ஓடும். கடைக்குப் போகும் துண்டுக்கும் இலக்கம் போடுகிற மனிசன் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பீர். இதையும் சிரித்துக்கொண்டே வாசியும். நான் சொல்லப்போவது:

1. எனக்கு இப்போது என்ன நடந்திருக்கிறது.
2. உமக்கு அந்த வருத்தம் வந்தபோது நான் செய்த ஏற்பாடு.
3. மனச்சோர்வுக்குப் பேச்சு வைத்தியம் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது, விழுங்குகிற குளிசைதான் சரி என்று நான் அறிந்துகொண்டது.
4. போன செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஒரு பொய்.
5. வியாழக்கிழமை.

முதலாவது. எனக்கும் அது வந்துவிட்டது. உமக்கு வந்த அதே மனச்சோர்வு. மாரிக் குளிர் தொடங்கியபோது வந்தது என்று நினைக்கிறேன், சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு காலுக்குக் காலுறையைப் போட்டுவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி, காலையில் வேலைக்குப் போன எங்கள் மகள் சுகந்தி ஷிப்ட் முடிந்து வரும்வரை கட்டில் ஓரத்தில் இருந்திருக்கிறேன். பசி என்பது பக்கத்து வீட்டில் நடக்கிற காரியம் போல இருக்கிறது. கோயிலுக்குப் போய் இரண்டு மாதம். சவரம் செய்யாமல் நான் வாசலுக்கும் போகமாட்டேன் என்பது உமக்குத் தெரியும். இப்போது வாசலுக்கே போவதில்லை.

உம்மைப் பார்த்துக்கொண்டவன் நான். உமக்காக ஒரு கொப்பி வைத்திருந்தேன், நினைவிருக்கிறதா? சாப்பாடு, நித்திரை, குளிப்பு என்று கோடு போட்டு ஒவ்வொரு நாளும் குறித்தேன். எனக்கும் அப்படி ஒரு கொப்பி தொடங்கினேன். நாலு நாளுக்கு மேல் எழுதக் கை வரவில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். இது எனக்குக் கடினம்.

எண்பத்து நாலில் சுகந்தி எங்களை ஊரிலிருந்து லண்டனுக்கு, செவன் கிங்ஸுக்கு எடுத்தாள். இரண்டு வருடம் கழித்து நீர் குசினியில் அடுப்பைப் பற்றவைக்காமல், வெறும் சட்டிக்கு முன்னால் நிற்கத் தொடங்கினீர். வைத்தியர் இரண்டு வழி சொன்னார். ஒன்று குளிசை. மற்றது, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பெண்மணியோடு மனம்விட்டுப் பேசுவது. எதை எடுப்பது என்று நீங்களே யோசியுங்கள் என்றார். நீர் ஒன்றும் சொல்லவில்லை. மூளைக்குப் போகிற குளிசை என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. பேச்சையே எடுப்போம் என்று நான்தான் சொன்னேன்.

உமக்கு ஆங்கிலம் இல்லை. மொழிபெயர்க்கத் தமிழ் பேசுகிற ஒருவரை ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். யாரென்று விசாரித்தேன். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் போகும் அதே கோயிலுக்கு வருகிற ஒரு அம்மா. இன்று நீர் அவரிடம் சொல்வது நாளைக்கு இல்ஃபோர்ட் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்கு நடுக்கம். “வெளியாள் வேண்டாம், நானே மொழிபெயர்ப்பேன், ஊரில் முப்பது வருடம் நீதிமன்றத்தில் செய்த வேலை அது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நான் பெருமையாகச் சொன்ன விஷயங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு, தவமணி. அதில் ஒன்று இது.

முதல் நாள் பஸ்ஸில் போகும்போதே உமக்குப் பாடம் எடுத்தேன். சாட்சிகளுக்குச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய வசனம் அது. “கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். சுருக்கமாச் சொல்லும். நான் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டும்.”

நீர் யன்னலால் பார்த்தபடியே கேட்டீர். “இஞ்சேருங்கோ, நான் அங்கை சாட்சியோ, குற்றவாளியோ?”

நான் சிரித்தேன். நீர் சிரித்தீரா என்று நான் பார்க்கவில்லை.

அந்தச் சிறிய அறையில் மூன்று கதிரைகள். அந்தப் பெண்மணி எதிரே, நீர் இங்கே, நடுவில் நான். நல்ல பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். ஊரைவிட்டு வந்த அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். அதை நான் தமிழில் தந்தேன்.

“அண்டைக்கு உமக்கு எப்பிடி இருந்ததெண்டு கேக்கிறா.”

“எப்பிடி இருக்கிறது? சாமான் கட்டிக்கொண்டு நிண்டன்.”

“அது செய்த வேலை. மனம் எப்பிடி இருந்ததெண்டு கேக்கிறா.”

“அவவுக்குச் சொல்லுங்கோ, அதை அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு.”

நான் என்ன மொழிபெயர்த்தேன் தெரியுமா? ‘பயண வேலைகளில் இருந்ததால் யோசிக்க நேரமில்லையாம்.’ அது பொய்யில்லை. சுருக்கம். நீதிமன்றத்தில் சாட்சி வளவளவென்று பேசினால் கேள்விக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். அழுதால் அழுகையை மொழிபெயர்ப்பதில்லை. நீதவான் கண்ணால் பார்த்துக்கொள்வார்.

நாலாவது வாரம் அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் சும்மா இருந்தார். நீண்ட நேரம். நீரே தொடங்கினீர். “இவர் என்னை...” என்று சொல்லி, நிறுத்தி, என் பக்கம் திரும்பினீர்.

“இதையும் சொல்லுவியளோ?”

“சொல்லத்தானே வேணும். அதுக்குத்தானே நான் இருக்கிறன்.”

உமது கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தீர். “அப்ப ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். ஒன்றுமில்லை என்கிறார் என்று அப்படியே சொன்னேன். அந்த அறையில் நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தது அந்த ஒன்றைத்தான்.

‘இவர் என்னை’ என்றதற்குப் பிறகு என்ன வரவிருந்தது? என்னைக் கேட்காமல் ஊர் வீட்டை விற்று இங்கே கொண்டுவந்தார் என்றா? என்னைக் கவனமாகப் பார்க்கிறார் என்றா? இரண்டில் எது என்றாலும் நான் இன்று தாங்குவேன். அன்று தாங்கியிருப்பேனா?

மூன்றாவது. ஆறு வாரம் முடிந்ததும் கடிதம் வந்தது. இவருக்குப் பேச விருப்பமில்லைப் போலிருக்கிறது, ஆகவே இத்துடன் நிறுத்துகிறோம் என்று. அதையும் நானே உமக்கு வாசித்துச் சொன்னேன்.

“அந்த மனுசி என்னோடை எப்ப கதைச்சவ?” என்றீர். “உங்களோடையெல்லோ கதைச்சவ.”

பகிடி விடுகிறீர் என்று நினைத்துக்கொண்டு கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தேன்.

பிறகுதான் குளிசை. முதல் இரண்டு வாரம் வாய் காய்ந்தது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூங்கி விழுந்தீர். நிறுத்துவோமா என்று நான் தவித்தேன். நிறுத்த வேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார் வைத்தியர். ஆறாவது வாரம் ஒரு காலை தலைக்கு எண்ணெய் வைத்திருந்தீர். “முருங்கைக்காய் தின்னோணும் போலை கிடக்கு” என்றீர். நான் இரண்டு ரயில் மாறிச் சவுத்ஹால் கடைத்தெருவுக்குப் போனேன். ஈட்டி பிடித்தவன் போல முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு நான் வர, குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்று கொப்பியில் ஒன்றும் குறிக்கவில்லை. எழுத முடியாமல் கண் மறைத்தது.

ஆகவே எனக்குக் கணக்குச் சரியாக வந்தது. பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை. குளிசை போட்டோம், சரிவந்தது. எங்கள் ஆட்கள் வெளியாரிடம் வாய் திறக்கமாட்டார்கள், எங்களுக்குக் குளிசைதான் என்று எத்தனை பேருக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன். உமது இருதயம் நின்ற அந்த வருடம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்பு பிறகு அணையவில்லை என்பது உண்மை. ஆனால் பின்னேரங்களில் அதன் முன்னால் நின்று நீர் யாரோடோ மெல்லக் கதைப்பீர். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவீர். அதைக் குறிக்க என் கொப்பியில் கோடு இருக்கவில்லை.

நாலாவது. போன செவ்வாய்க்கிழமை சுகந்தி லீவு போட்டுவிட்டு என்னை வைத்தியரிடம் கூட்டிப் போனாள். எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனாலும் தனியே போகப் பயமாக இருந்தது, நீயும் வா பிள்ளை என்று நான்தான் கேட்டேன். உள்ளே மூன்று கதிரைகள். எனக்கு முந்தி அவளே எல்லாம் சொன்னாள். அப்பாவுக்கு அம்மாவின் நினைவு, அவ்வளவுதான், நித்திரை கொஞ்சம் குறைவு என்றாள். நான் தலையாட்டினேன்.

வைத்தியர் இளம் வயது. என்னையே நேராகப் பார்த்துக் கேட்டார். உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுவதுண்டா, காலையில் எழும்பாமல் விட்டால் நல்லது என்று நினைப்பதுண்டா?

நான் சுகந்தியைப் பார்த்தேன். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் உம்முடைய விரல்கள்.

இல்லை டொக்டர் என்றேன்.

முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சத்தியம் செய்துவைத்தவன் நான். பொய், தவமணி. ஒவ்வொரு காலையும் நினைக்கிறேன். கண் திறந்ததும் முதலில் வருவது அதுதான்.

குளிசையா, பேச்சா, அல்லது சிலருக்குப் போல இரண்டும் சேர்த்தா, யோசித்து அடுத்த வியாழக்கிழமை சொல்லுங்கள் என்றார் வைத்தியர். இப்போது தமிழிலேயே பேசக்கூடிய ஒருவர் இல்ஃபோர்டில் இருக்கிறாராம். வெளியே பஸ் தரிப்பிடத்தில் சுகந்தி என் கழுத்துத் துண்டைச் சரிசெய்தாள்.

“நல்ல காலம் அப்பா, அப்பிடி ஒண்டுமில்லை எண்டு சொன்னியள். நான் பயந்தே போனன்.”

“ஓம் பிள்ளை. ஒண்டுமில்லை.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. பஸ் வந்தது. அவள் பிடித்து ஏற்றினாள்.

ஐந்தாவதுக்கு ஒரு தாளை நடுவில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். இந்தப் பக்கம் குளிசை: உம்மை எழுப்பியது. வாய் காயும். நான் நானாக இருப்பேனா என்று பயம். அந்தப் பக்கம் பேச்சு: என் ஆங்கிலம் நீதிமன்ற ஆங்கிலம், அதில் எனக்கு அழத் தெரியாது. தமிழில் என்றால் அவர் யாரோ எவரோ, யாருக்குச் சொல்வாரோ. மூன்று நாள் இப்படி எழுதி, அடித்து, எழுதினேன். கடைசியில் ஒன்று விளங்கியது. வைத்தியரிடம் இருப்பது என் பொய்ச் சாட்சி. அதை வைத்துக்கொண்டு நானோ அவரோ எதைத் தேர்ந்தாலும் அது பிழையான வழக்குக்குச் சொன்ன தீர்ப்பு.

இன்று காலை சுகந்தியிடம் சொன்னேன்.

“வியாழக்கிழமை உள்ளுக்கு நான் தனியப் போறன் பிள்ளை.”

“ஏனப்பா? நான் லீவும் போட்டிட்டன்.”

“வா. வெளியிலை இரு.”

“நான் ஏதும் பிழை விட்டனானோ?”

“நீ ஒரு பிழையும் விடேல்லை. நான்தான் அம்மாவை...” அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீர் நிறுத்திய இடத்துக்குக் கிட்டத்தான் நானும் நிறுத்தினேன்.

அவள் கெட்டிக்காரி. ஏதோ விளங்கிவிட்டது. கண் கலங்கியபடியே, “எனக்குச் சொல்லாட்டிலும் பரவாயில்லை. டொக்டருக்கு முழுக்கச் சொல்லுங்கோ” என்றாள். பிறகு என் மற்றக் காலுறையை எடுத்து, குனிந்து, அவளே போட்டுவிட்டாள்.

நான் உமக்குத் தரும் வாக்கு இது. வியாழக்கிழமை அந்த அறையில் இரண்டு கதிரைகள்தான் இருக்கும். ஒவ்வொரு காலையும் நினைப்பதை, சுருக்காமல், கேட்டதற்கு மேலாகவும் சொல்வேன். குளிசை தந்தால் போடுவேன். அந்தத் தமிழ் ஆளிடமும் போவேன், அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும். இந்தக் கடிதத்தை உமது நினைவு நாளுக்குப் பத்திரிகையில் போடும்படி கேட்கப்போகிறேன். உறை எழுதி முத்திரையும் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் வியாழன் போய்வந்து, சுகந்தியை இருத்தி இதை வாசித்துக் காட்டிய பிறகுதான் தபாலில் போடுவேன். ஆகவே இது அச்சில் வந்திருந்தால், நான் போய்வந்துவிட்டேன் என்று அறிந்துகொள்ளும். எங்கள் ஆட்களும் அறிந்துகொள்ளட்டும்.

ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம் என்று பேனையை எடுத்தேன். வேண்டாம், பதிவில் இருக்கட்டும். குளிசை உம்மை எழுப்பியது என்பதை நான் மறுக்கவில்லை. பேச்சு உமக்குச் சரிவராது என்றது பிழை. உமக்குப் பேச இருந்தது, தவமணி. நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும்.

நீர் ஒருநாளும் பெயர் சொல்லாமல் ‘இஞ்சேருங்கோ’ என்றே கூப்பிட்ட,
உம்முடைய வீட்டுக்காரன்.