வலது ஸ்பீக்கர் மட்டும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். ஆடிக் காற்று எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்ததிலிருந்து இடது காதில் அடைப்பு. தலைக்குக் குளித்ததில் தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். அருள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "என்னா ரெஜி, காலையிலயே ஆப்பிரிக்கா டான்ஸா?"

சிப்காட்டில் வழக்கமான நாள். லேபுக்கு டேங்கர் சாம்பிள்கள் வந்தன, எல்லாம் பாஸ். கேன்டீன் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

17-ஆம் தேதி சிதம்பரம் கூட்டம். புது டைரி என்பதால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்: மாதம் ஒரு ஞாயிறு, கதிரின் ஃப்ளெக்ஸ் கடை மாடியில், பாட்டுக் கேட்பதற்கென்றே கூடுகிறோம். பத்துப் பேர் வந்தால் பெரிய கூட்டம். ஆளுக்கு ஒரு பாட்டு. ஓடும்போது பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது. கதிருக்கு அந்தக் கால சைக்கடெலிக் ராக், அதுவும் கிட்டார் புகைந்து எரிய வேண்டும். பரங்கிப்பேட்டை இஸ்மாயில் பாய்க்கு ஆப்பிரிக்கப் பாட்டு. கானா நாட்டுத் துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, நகைக்குப் பதில் ஒரு பெட்டி நிறைய கேசட்டோடு ஊர் திரும்பியவர். எனக்கு இரண்டும் வேண்டும். கூட்டத்தில் சவுண்டு வைப்பது எப்போதும் நான்.

இந்த முறை முதல் பாட்டு என்னுடையது. "சுத்துற கிட்டார்" வைக்கப் போகிறேன். (உண்மைப் பெயரை வாயில் நுழைக்க முடியாத பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்துவிடுவோம்.) கிட்டார் இடது காதில் ஆரம்பித்து, பின்மண்டை வழியாகச் சுற்றி, கடைசியில் வலது காதுக்கு வரும். அதற்கு மேல் ஒரு பாட்டு இல்லை.

வாங்க வேண்டியது: ஸ்பீக்கர் ஒயர், ரவை, காதுக்குச் சொட்டு மருந்து.

ஆகஸ்ட் 6, புதன்

அடைப்பு விடவில்லை. உள்ளே ஒரு இரைச்சல் வேறு, பிரஷர் குக்கர் விசில் வரும் முன் வருமே, அது. அருள் தேங்காய் எண்ணெயைச் சுட வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அழுக்கெல்லாம் ஒண்ணும் இல்லியே." உடனே கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து டெஸ்ட். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றினார்கள். நான் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் முடிந்துவிட்டது என்று டெஸ்ட் எடுத்த பெண் கதவைத் திறந்தாள்.

நரம்பாம். திடீரென்று இப்படி ஆகுமாம், காரணம் பல பேருக்குத் தெரியாமலேயே போய்விடுமாம். ஸ்டீராய்டு மாத்திரை. "சீக்கிரம் வந்துட்டீங்க, அது நல்லது. திரும்பலாம். திரும்பாமலும் போலாம்."

வெளியே வந்து அருளிடம் சொன்னேன். அவர் கையில் எடுத்த வண்டிச் சாவியை மறுபடி பாக்கெட்டில் போட்டார். "சரி வா, டீ குடிப்போம்," என்றார். குடித்தோம். நல்ல டீ.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாத்திரை பசியைக் கிளப்புகிறது. மூன்று வேளைச் சாப்பாடு நாலு வேளையாகிவிட்டது. தூக்கம் மட்டும் இல்லை.

இன்றுதான் ஹெட்போனைத் தொட்டேன். இரண்டு நாள் பயந்து தள்ளிப் போட்டது. சுத்துற கிட்டார். ஆரம்பத்தில் கிட்டார் இல்லை. அடியில் ஓடும் பாஸ் ஒலி மட்டும் தும்தும் என்று போய்க்கொண்டிருக்கிறது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வராத மேடை மாதிரி. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இப்போது கிட்டார் வந்துவிட்டது, பாஸ் போய்விட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அருளுக்குக் கேட்டிருக்கும். அவருக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது.

பிறகு போனில் தேடி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் செட்டிங்கைக் கண்டுபிடித்தேன். எல்லாம் வலது காதிலேயே வருகிறது. பாஸ், கிட்டார், குரல், எல்லாரும் ஒரே ஆட்டோவில். சுற்றவில்லை. ஆனால் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதுநகர் சர்ச்சில் காலைப் பூசை. எப்போதும் உட்காரும் இடத்தை விட்டு இடது ஓரம் போனேன், பாடகர் குழு வலது பக்கம் வரும்படி. பூசை நடுவில் பக்கத்து வீட்டு அம்மா கைகூப்பி எனக்குச் சமாதானம் சொன்னது காதில் விழாமல் நான் பாட்டுக்கு நின்றிருக்கிறேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வெளியில் வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் யார் யாருக்குக் காது போனதென்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மத்தியானம் மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டு மறுபடி சுத்துற கிட்டார். ஒன்றாகச் சேர்க்கும் செட்டிங் போடவில்லை. வேண்டுமென்றே. கிட்டார் இல்லாத அந்த மேடையில் வேறு என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே.

இருக்கிறது! ஒரு பெண் குரல். பாடவில்லை, மெட்டை முனகுகிறாள், சுருதி கொஞ்சம் விலகி. கிட்டார் பெரிதாகும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். மைக்குக்கு அருகில் இல்லை, எங்கோ தள்ளி. இத்தனை வருஷமும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். இடது பக்கத்துக் கிட்டார் அவளை மூடி வைத்திருந்தது.

அருளைக் கூப்பிட்டு வலது பக்கத்தை மட்டும் அவர் காதில் வைத்தேன். "ஆமா, யாரோ சிரிக்கிறாங்க," என்றார். "இந்தப் பேய்ப் பாட்டுல ஒரு மனுசிதான் கொறஞ்சிது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடி பசி.

ஆகஸ்ட் 13, புதன்

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிச் சிதம்பரம் ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது ஹாரன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வலது பக்கம் பார்த்தேன், காலி. லாரி இடது பக்கத்திலிருந்து. செக்யூரிட்டி அண்ணன் கத்திக்கொண்டே ஓடி வந்து இழுத்தார். "கண்ணு தெரியலியா மேடம் உங்களுக்கு?" "கண்ணு தெரியுது அண்ணே, காதுதான்," என்றேன்.

இனிமேல் ஹாரனை நம்பி ரோட்டில் கால் வைப்பதில்லை. இரண்டு பக்கமும் பார்த்துத்தான்.

கதிர் போன். "அக்கா, முதல் பாட்டு இன்னா முடிவு? சுத்துற கிட்டார் பல தடவ வச்சாச்சே." இந்தத் தடவை வேறு மாதிரி என்றேன். காதைப் பற்றிச் சொல்லவில்லை. போனில் சொன்னால் அவன் உடனே பஸ் ஏறி வந்துவிடுவான். நேரில் சொல்கிறேன், எல்லாரிடமும் ஒரே தடவையாக.

அருள் தானும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "காவலுக்கா?" என்று கேட்டேன். "பிரியாணி உண்டுன்னியே," என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடியலில் தூறல், பிறகு புழுக்கம். பைக்கில் சிதம்பரம். குடிகாடு தாண்டும் வரை கெமிக்கல் வாடை, அதற்கப்புறம் மூச்சு விட்டேன்.

எல்லாரும் வருவதற்கு முன் போய்விட்டோம். சவுண்டு வைக்க வேண்டும். முன்பெல்லாம் நடுவில் உட்கார்ந்தால் போதும், எந்த ஸ்பீக்கர் தூக்கல், எது கம்மி என்று தெரிந்துவிடும். இன்று ஒவ்வொரு ஸ்பீக்கரிடமும் தனித்தனியாகப் போய், வலது காதைக் காட்டி நின்றேன். இடது, வலது, மறுபடி இடது. நேரம் பிடித்தது. சரியாக வந்தது. அருளை நடுவில் உட்கார வைத்துக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு," என்றார். அவர் பேச்சை நம்பலாம், புகழத் தெரியாது.

ஒன்பது பேர். முதலில் சுத்துற கிட்டார், முழுசாக. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்தேன். கிட்டார் சுற்றும் இடத்தில் கதிரின் தலை கூடவே திரும்புகிறது. அவனுக்கே தெரியாது.

முடிந்ததும், "மறுபடி," என்று சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ் குமிழை முழுக்க வலது பக்கம் திருப்பினேன்.

அவள் முனகினாள். பிறகு சிரித்தாள்.

கதிர் விதியை மீறி, பாட்டு ஓடும்போதே எழுந்துவிட்டான். "அக்கா! யாரு அது?"

"தெரியாது."

"காலேஜ் படிக்கிறப்பலேருந்து கேக்குறேன். இது மாதிரி ஒண்ணு கேட்டதே இல்ல. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

சொன்னேன். இடது காது போய்விட்டது, மாத்திரை சாப்பிடுகிறேன், திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். குரல் நடுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கீழே கடையில் பிரின்டர் ஓடும் சத்தம். இஸ்மாயில் பாய் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வலது பக்கம் போட்டார். "அப்ப நா இந்தப் பக்கம்ல உக்காரணும் தங்கச்சி," என்றார். அவ்வளவுதான். அறை முழுக்க மூச்சு வந்தது.

கதிருக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. "அடுத்த மாசத்துலேருந்து சவுண்டு நான் பாத்துக்குறேன் அக்கா. நீங்க செரமப்படாதீங்க."

"இன்னிக்கு சவுண்டு எப்படிடா இருந்துது?"

"சூப்பரா இருந்துது."

"அது நான் வச்சது."

அவன் தலையைச் சொறிந்தான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து பாய் கேசட். ஒரே மைக்கைச் சுற்றி ஊரே நின்று பாடுகிற மாதிரி, நடுவில் டிரம்பெட் ஒன்று பல் தெரியச் சிரிக்கிறது. "நம்ம கேசட்டுக்கு ஒரு காதே ஜாஸ்தி," என்றார் பாய். அருள் பின்னாலிருந்து, "கானா பாட்டு கானா பாட்டுன்னு இவ சொல்லுவா, நான் இத்தன நாளும் மெட்ராஸ் கானான்னு நெனச்சிட்டிருந்தேன் பாய்." சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டுக்கும் ரொம்ப தூரமில்ல மச்சான்," என்றார் பாய்.

அருளின் கால் தாளம் போட்டதைப் பார்த்தேன். வீட்டுக்கு வரும்போது கேட்டதற்கு, கொசு என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடி டெஸ்ட். மாத்திரை முடியப் போகிறது. அதே கண்ணாடிக் கூண்டு, அதே பெண், தலையில் கனகாம்பரம்.

வலது காது எப்போதும் போல. இடது காது தொடங்கியது. மெதுவாக ஒரு பீப். அமுக்கினேன். இன்னொன்று. அமுக்கினேன். வருகிறது, திரும்பி வருகிறது! உடம்பெல்லாம் சூடு. அமுக்கினேன், அமுக்கினேன்.

கதவைத் திறந்து அந்தப் பெண் சொன்னாள், மெல்லத்தான் சொன்னாள்: "மேடம், நான் சத்தமே குடுக்காதப்பவும் அமுக்குறீங்க."

"பீப் வந்த மாதிரி இருந்துதும்மா."

"பரவால்ல. நெறைய பேரு அப்படிப் பண்ணுவாங்க. மறுபடி பாப்பமா?"

மறுபடி. இந்தத் தடவை பட்டன் மேல் விரலை வைக்கவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டேன். நிச்சயமாகக் கேட்டால் மட்டும் எடுப்பது. கனத்த சத்தம் ஒன்றிரண்டு, தூரத்தில், போர்வைக்குள்ளிருந்து. மற்றதெல்லாம் சும்மா.

டாக்டரம்மா: கொஞ்சம் வந்திருக்கிறது, இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், வேண்டுமானால் மிஷின் வைத்துப் பார்க்கலாம். கேட்டுக்கொண்டேன். அருளின் முதுகில் சாய்ந்துகொண்டு வீடு வந்தேன். வழியில் அவர் ஏதோ சொன்னார், காற்றில் போய்விட்டது. திருப்பிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரவு உப்புமா.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லேபில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், கூப்பிட்டால் வலது பக்கம் வந்து கூப்பிடுங்கள் என்று. புதிதாகச் சேர்ந்த பெண் உடனே என் மேஜையையே திருப்பிப் போட்டுவிட்டாள். ஜன்னல் வெளிச்சமும் கிடைத்தது. முன்பே செய்திருக்கலாம்.

கதிர் தினம் ஒரு பாட்டு அனுப்புகிறான். ஒவ்வொன்றையும் பிரித்து, இடது தனி, வலது தனி. ஒரே பாட்டுக்குள் இரண்டு பேர் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். பாதிக்கு மேல் குப்பை. அதையும் அவனிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அருளின் ஆபீஸ்காரர் வீட்டு நிச்சயதார்த்தம், சிதம்பரத்தில். மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறல். அங்கே ஒரு காது குறைவது லாபம்தான். சாப்பிட்டேன், பெண்ணுக்கு வாழ்த்துச் சொன்னேன், அருளை அவர் ஆட்களிடம் விட்டுவிட்டுக் கதிர் கடைக்கு நடந்தேன்.

மாடியில் பாயும் இருந்தார். மேல் லேபிள் கிழிந்த ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு, "இது என்னான்னே தெரியல தங்கச்சி. பழைய சூட்கேஸ் கிழிசல்ல கெடந்துது. நானே கேட்டதில்ல."

போட்டார். முதலில் வெறும் சர்ர். பிறகு இரண்டு கிட்டார், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, ஈரத் தரையில் சிறுபிள்ளைகள் ஓடுகிற மாதிரி. ஒரு ஆண் குரல், களைப்பே இல்லாமல். என்ன பாஷை என்று பாய்க்கும் தெரியவில்லை. கதிர் வாயைத் திறந்தபடி நிற்கிறான். ராக் தவிர வேறெதற்கும் அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

பாதியில்தான் உறைத்தது. இதை நான் இரண்டு காதாலும் கேட்டதில்லை. இது முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை. இந்தப் பாட்டில் எனக்கு ஒன்றும் குறையவில்லை. அவர்களுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு.

கீழே ஹாரன். கதிர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மாமா கூப்புடுறாரு அக்கா."

"மேல வரச் சொல்லு," என்றேன். "பாய், மொதல்லேருந்து வைங்க."