கடல் பக்கத்து மேசை

என்னைத் தோளில் ஏற்றித் துறைமுகத்துக் கப்பல் காட்டின அப்பாவுக்கு,

நீங்கள் எங்களுக்குப் பொய் சொன்னீர்கள். நிலாவெளி ஹோட்டலின் கடல் பக்கத்து மேசையில் நீங்கள் ஒருநாளும் இருந்து சாப்பிடவில்லை.

சுற்றுலாக்காரரை வாடகை வானில் ஏற்றி கண்டி, நுவரெலியா என்று ஓடிவிட்டு வந்து நீங்கள் சொன்ன சாப்பாட்டுக் கதைகள்தான் எங்கள் வீட்டின் பெருமை. அதிலும் நிலாவெளிக் கதைதான் உச்சம். பட்டரில் வாட்டின சிங்க இறால், மடியில் விரிக்கிற வெள்ளைத் துணி. நீங்கள் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்கவேணும், என்ன சமைக்கிறது என்று பெரியம்மா கேட்டபோது அம்மா யோசிக்கவேயில்லை. "சிங்க இறால்தான். எத்தினை தரம் வாயூறச் சொல்லியிருப்பார்." வீட்டில் பட்டர் இல்லை. மாஜரினில் வாட்டி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தா.

இப்போது வான் திறப்பு என்னிடம், ஓட்டுகிறது நான்தான். என் பல்கலைக்கழகப் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியாச்சு. இந்த ஊரில் அதற்கு வேறு வேலை இல்லை.

போன மாதம், முதல்தரமாக, அந்த ஹோட்டலுக்குப் போனேன். லண்டனில் இருந்து வந்த தமிழ்ச் சோடி ஒன்று. "தம்பி, நீங்களும் வாங்கோவன், ஒண்டா இருந்து சாப்பிடுவம்" என்று அந்த அக்கா கூப்பிட்டா. போய்க் கதிரையை இழுத்தேன். பரிமாறுகிறவன் எங்கட உப்புவெளி ஆள்தான். காதுக்குள் சொன்னான்: "அண்ணை, டிரைவர்மாருக்குப் பின்னால. மனேஜர் பார்க்கிறார்."

அக்கா புருஷனைப் பார்த்தா. அவர் மெனுவைப் பார்த்தார். "இஞ்சத்தைய முறை அப்பிடியாக்கும்" என்றா அக்கா.

சீனன்குடாவில் விமானப்படை முகாமுக்குக் கம்பி அடித்து, உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். வாசித்துவிட்டுத் திரும்பலாம். இங்கே பலகைகூட இல்லை. சண்டை பிடித்தால் கொழும்புச் சுற்றுலாக் கம்பனி அடுத்த பயணம் தராது. தம்பி இன்னும் படிக்கிறான். கதிரையைத் திரும்பத் தள்ளுகிற நேரத்துக்குள் இவ்வளவையும் யோசித்து முடித்துவிட்டேன்.

பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு அறை. சோறு, பருப்பு, மீன்குழம்பு. மட்டக்களப்பு வான்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ யோகன்ர மகனே? கொப்பர் இந்த மூலையிலதான் இருப்பார். இந்த மீன்குழம்பெண்டா ஆளுக்கு உயிர்."

"உள்ளுக்க மேசையில இருந்ததில்லையே?"

"ஆர், நாங்களோ? உனக்கென்ன விசரே?" வாய்ச் சோறு சிந்தச் சிரித்தார்.

"அப்ப அந்தச் சாப்பாட்டுக் கதையெல்லாம்?"

"திரும்பி வரேக்க வானில இருக்கிற சனத்திட்டக் கேட்டால் சரிதானே. வயிறு நிறைஞ்ச சனம் நல்லாக் கதைக்கும்."

அப்படியென்றால் எட்டுக்கு நாங்கள் உங்களுக்குப் படைத்தது, நீங்கள் வாயிலே வைத்தறியாத ஒன்று. மீன்குழம்புக்கு ஏங்கினபடி, பசியோடா போனீர்கள்?

திரும்பும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டேன். உப்புவெளி வரும்வரை அவ சொன்னா. வீட்டில் அம்மா கேட்டா. நண்டு, இறால், பட்டர் மணம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். உங்கள் வாய் எனக்கு முளைத்திருந்தது.

நீங்கள் போய் ஒரு வருசமாகப்போகுது, ஆட்டைத் திவசம் வருகிறது. "அது முடிய என்னை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போ, ராசா. அவர் இருந்த கதிரையில கொஞ்ச நேரம் இருக்கவேணும்" என்கிறா அம்மா. உண்மையைச் சொன்னால் அவவுக்கு நீங்கள் இன்னொருதரம் சாவீர்கள். சொல்லாவிட்டால், சாகும்வரை நான் நீங்கள்தான்.

கூட்டிக்கொண்டு போவேன். வானை றோட்டில் விட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து, முன்வாசலால். எழும்பச் சொன்னாலும் எழும்பமாட்டேன். இது சத்தியம்.

ஆனால் உள்ளே போனதும், "அவற்ற கதிரை எது?" என்று அம்மா கேட்பா. அப்பா, நான் எதைக் காட்டுறது? சொல்லுங்கோ.

ஜெனரேட்டர் பக்கத்து மூலையில் இருக்கிற,
உங்கட மூத்தவன்