நாற்பத்தொரு கார்டு

ஓசூர்,
14.6.1990, வியாழன்

அன்புள்ள தம்பி திம்மராயனுக்கு,

அண்ணன் லால் பாஷா எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி ரஹமத் பீவியும் ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம். நீ, சாந்தம்மா, குழந்தை எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தபாலில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அதனால் இதை முனீர் அகமதுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாங்காய் லோடு பேச அவன் சிங்காரப்பேட்டை வருகிறான். நீ படித்து முடிக்கும்வரை உன் எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒரு டீ கொடு. பாவம், என் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டான்.

முதலில் நம் தீயணைப்பு ஸ்டேஷன் விஷயம். திங்கட்கிழமை காலை எட்டு மணி ரோல் காலில் நீ வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் டாக்டர் சர்டிபிகேட்டாவது வர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் வேலையை விட்டு ஓடியவன் என்று மேலே எழுதிவிடுவேன் என்கிறார் ஆபீசர். பேசிப் பார்த்தேன். நெருப்பைக் கண்டு பயப்படுகிறவனுக்குத் தீயணைப்பில் என்ன வேலை என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பன்னிரண்டு வருஷம் உன்னோடு ஒரே வண்டியில் தொங்கிக்கொண்டு போனவன் நான். நீ பயந்தவனா இல்லையா என்று என்னைக் கேட்கட்டும்.

அடுத்தது சாந்தம்மா. அவள் உன் அண்ணிக்கு எழுதியிருந்தாள், கோபப்படாதே. “எந்நேரமும் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருக்குது அக்கா. நாப்பது வரைக்கும் வந்து நின்னுடுது, மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குது” என்று எழுதியிருக்கிறாள். மாந்தோப்புக்கு அடிக்கிற மருந்து டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாளாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா? அப்படி ஒரு நினைப்பு இருந்தால் சாந்தம்மாவிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடு. தனியாக மட்டும் இருக்காதே.

மூக்கண்டப்பள்ளி பஞ்சு மெத்தைக் கம்பெனியில் நடந்ததை நீ உன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிக்கொள்கிறாய். நான் பார்த்தபடி எழுதுகிறேன். நாம் போய் இறங்கியபோது மதிய ஷிப்ட் விட்டிருந்தது. உள்ளே ஆள் உண்டா என்று கேட்டாய். டைம் கீப்பர் ஓடி வந்து கார்டுப் பலகையைக் காட்டினார். நாற்பத்தொரு கார்டிலும் வெளியே போன நேரம் அடித்திருந்தது. புகையில் கண் எரிய எரிய ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்றாய். அதனால்தான் உள்ளே நுழையாமல் வெளியிலிருந்தே தண்ணீர் அடித்தோம். கிருஷ்ணகிரி பஸ்ஸில் இடம் பிடிக்க நாலு பேர் முன்னால் ஓடுவதும், ஒருவன் பின்னால் நின்று எல்லோர் கார்டையும் அடித்துவிட்டு வருவதும் அங்கே தினசரிப் பழக்கமாம். நமக்கு எப்படித் தெரியும்? உள்ளே மாட்டிச் செத்துப்போன முனிவேலின் கார்டை அடித்தது அவன் மச்சான் கரியப்பன். முனிவேல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான் என்று நினைத்து அடித்திருக்கிறான். அவனோ உடம்பில் ஒட்டிய பஞ்சு போகப் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை உன் விஷயமாகப் பெங்களூர் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாராவது கொஞ்சம் கிறுக்காகப் பேசினால் அந்த ஆஸ்பத்திரியைச் சொல்லித்தானே ஸ்டேஷனில் கேலி செய்வோம். கேட்டுக்குள் நுழையும்போது ஓசூர்க்காரன் எவனாவது பார்க்கிறானா என்று நாலா பக்கமும் பார்த்தேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் பாதி கன்னடம் பாதி தமிழில் சொன்னதையெல்லாம் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டாள். இது கோழைக்கு வருவது இல்லை, பட்டாளத்துக்காரர்களும் போலீஸ்காரர்களும்கூட இதற்காக இங்கே வருகிறார்கள் என்றாள். தூங்குவதற்கு மாத்திரை உண்டு, வாரம் ஒருநாள் வந்து பேச வேண்டும். சர்டிபிகேட்டில் சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை என்று மட்டும் எழுதுவார்களாம். பைத்தியம் என்று எந்த பைலிலும் ஏறாது. ஆனால் ஆளை நேரில் பார்க்காமல் எதுவும் தர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றாள்.

திம்மா, இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல இரண்டு மாதமாகப் பார்க்கிறேன். நான் பின்பக்கச் சுவரோரம் ஹோஸ் பிடித்திருந்தேன். உள்ளே தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு மூன்று தடவை. சூட்டில் கூரைத் தகரம் அப்படித்தான் சத்தம் போடும் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொண்டால் உள்ளே போக வேண்டாம் என்று இருந்தேனா, இன்றுவரை தெரியவில்லை. ஆள் உண்டாடா என்று கத்தினேன். கார்டெல்லாம் சரியா இருக்குதுண்ணா என்றாய். நான் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லவில்லை. விசாரணையிலும் எதுவும் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, உன் தோளைத் தட்டி ஆறுதல் வேறு சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆபீசருக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடட்டுமா என்று கேட்டாள். எனக்கு பிரஷர் மட்டும்தான் அம்மா என்று சொல்லிவிட்டு, குடையை அங்கேயே மறந்து ஓடி வந்து பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் வண்டி நிற்கும் இடத்தில் இருப்பேன். சாந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வருவாயா என்பதை முனீரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. உனக்குத் துணையாக வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். அந்தக் கேட்டுக்குள் இன்னொரு தடவை தனியாகப் போக என்னால் முடியாது. என் மேல் ஆத்திரமாக இருந்தால் அங்கே வந்து என் சட்டையைப் பிடி. நான் கையைத் தட்டிவிட மாட்டேன். வந்தால் போதும்.

சனிக்கிழமை வரைக்கும் அல்லா நம் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

உன் அண்ணன்,
லால் பாஷா