முப்பத்தைந்து குறையக் கூடாது

யட்டியாந்தோட்டை
1919 நவம்பர் 3

அன்புள்ள மச்சானுக்கு, றுகையா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நானும் நம் மகள் மைமூனாவும் சுகம். பினாங்கில் நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

நீங்கள் அனுப்பும் முப்பத்தைந்து ரூபா வழக்கம்போல் முக்தார் நானாவின் குடைக் கடையில் கிடைத்தது. இந்த ஆறு வருடத்தில் ஒரு மாதமும் ஒரு சதம் குறைந்ததில்லை. அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். ஆனால் ரங்கூன் அரிசி சரியாக வருவதில்லை. பஜாரில் ஒரு கொத்து அரிசி வாங்குவதற்குள் உயிர் போய் வருகிறது. பாதி நாள் எங்களுக்கு மரவள்ளியும் ஈரப்பலாக்காயும்தான். அடுத்த மாதம் முதல் பத்து ரூபா கூட்டி அனுப்புங்கள்.

அங்கிருந்து வந்த ஸம்சுதீன் உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். மெலிந்திருக்கிறீர்களாம். திங்களும் வியாழனும் தவறாமல், கடமையில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கிறீர்களாம். இங்கே ரமழான் ஸஹர் சோற்றுக்கே உங்களை மூன்று தரம் உலுக்கி எழுப்ப வேண்டும். புடவைக் கடைக் கணக்கப்பிள்ளை எப்போது பள்ளிவாசல் லெப்பையானார்? ஆனாலும் எனக்குப் பெருமைதான். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேறு அடுப்பு ஏதும் மூட்டிவிட்டீர்களோ? விளையாட்டுக்குக் கேட்கிறேன். பாதிதான் விளையாட்டு.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
றுகையா


யட்டியாந்தோட்டை
1920 ஜனவரி 25

என் மச்சானுக்கு ஸலாம்.

முதலில் ஒன்று கேட்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. இன்று பகல் என்ன சாப்பிட்டீர்கள்?

மேல் தோட்டத்து றப்பர் ஆபீஸில் கிளாக்கராக இருக்கும் விசுவலிங்கத்தாரின் மனைவி தங்கரத்தினம், போன செவ்வாய்க்கிழமை ஜாக்கெட் தைக்க என்னிடம் அளவு கொடுக்க வந்தா. வந்ததும் ஒரே புலம்பல். அவவின் மைத்துனர் தைப்பிங் ரயில்வேயில் வேலை. மாதம் இருபது டொலர் அனுப்புகிறவர். முன்பு அது இங்கே முப்பத்தைந்து ரூபாவாகக் கையில் வரும். பிறகு முப்பதானது, இருபத்தைந்தானது, இம்மாதம் வெறும் இருபது. கள்ளன் பாதியை எங்கோ கொட்டுகிறான் என்று அவ காரமாகக் காகிதம் எழுதப் போக, விசுவலிங்கத்தார்தான் தடுத்தாராம். தம்பி அனுப்புவது அதே இருபதுதான், சண்டை முடிந்து வெள்ளி விலை ஏறியதில் நம் ரூபாதான் ஏறிவிட்டது, ஒன்றேமுக்கால் ரூபாவுக்குப் போன டொலர் இப்போது ஒன்றுக்கு ஒன்று என்றாராம். லண்டனில் விற்ற றப்பருக்கு ரூபா குறைவாக வருகிறதென்று துரையும் ஆபீஸில் எரிந்து விழுகிறாராம்.

நான் அளவு நாடாவைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். நீங்கள் கப்பலேறும்போது சொல்லிவிட்டுப் போனது எனக்கு மறக்கவில்லை. சம்பளம் நாற்பது டொலர், பாதி எனக்கு, பாதி உங்களுக்கு, என் பாதி இங்கே முப்பத்தைந்து ரூபா. எல்லார் வீட்டிலும் குறைந்த பணம் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் குறையவில்லை?

நேரே முக்தார் நானா கடைக்குப் போனேன். அவர் குடைகளை அடுக்கினார், பிரித்தார், மறுபடி அடுக்கினார். இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றதும்தான் உண்மையைச் சொன்னார். எத்தனை டொலர் போனாலும் வீட்டுக்கு முப்பத்தைந்து குறையக் கூடாது, இந்தக் கதை றுகையா காதில் விழவும் கூடாது என்று நீங்கள் போன வருடமே எழுதியிருக்கிறீர்களாம். நான் பத்து கூட்டிக் கேட்டபோதும் மறு பேச்சில்லாமல் நாற்பத்தைந்தாக வந்ததே! நாற்பது டொலர் சம்பளக்காரர் எப்படி நாற்பத்தைந்து அனுப்புவார் என்று கேட்டேன். முதலாளியிடம் முன்பணம் எடுத்திருக்கிறார் என்றார். அந்தக் கடன் தீராமல் லீவு கிடைக்காத காரணமும் அப்போதுதான் புரிந்தது.

திங்களும் வியாழனும் ஏன் என்பதும் புரிந்தது. ஊரெல்லாம் பெருமை பேசினேனே, மச்சான். என் வாயை நானே அடித்துக்கொண்டேன். வேறு அடுப்பு மூட்டினீர்களோ என்று எழுதிய கையும் இதுதான். இருந்த ஒரு அடுப்பும் வாரத்தில் இரண்டு நாள் பற்றவைக்கப்படவில்லை.

கோபமும் வருகிறது. ஏறிய ரூபா பினாங்கில்தான் ஏறியது. இங்கே பஜாரில் அரிசி மூட்டைக்கு முன்னால் அது இன்னும் குட்டையாகத்தான் நிற்கிறது. அங்கேயும் நட்டம், இங்கேயும் நட்டம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்தல்லவா படவேண்டும்? என்னை மட்டும் பழைய விலையிலேயே வைத்திருக்க நான் என்ன கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மையா? ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பத்தைக் கேட்டிருக்கவே மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அரிசிக்கென்று கேட்ட பத்தில் மூன்று ரூபாவுக்கு மைமூனாவுக்குக் கொலுசு வாங்கினேன். அது காலில் சிணுங்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இம்மாதம் வந்த நாற்பத்தைந்தை நான் தொடவில்லை. முக்தார் நானாவிடமே கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். ஒன்றுக்கு ஒன்றாக இருக்கிற நேரத்தில் அனுப்பினால் நாற்பத்தைந்து டொலராகவே வந்து சேரும். முன்பணக் கடனை அடையுங்கள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். என் தையல் மெஷின் சும்மா கிடக்கவில்லை, தங்கரத்தினம் தன் ஜாக்கெட்டோடு இன்னும் நாலு பேருடையதையும் கொண்டுவந்து தந்திருக்கிறா.

இனி மாதம் இருபது டொலர் மட்டும் அனுப்புங்கள். இங்கே அது இருபது ரூபாவானால் இருபது, பதினெட்டானால் பதினெட்டு. நாம் பேசிக்கொண்டது பாதிப் பாதி. முப்பத்தைந்து என்று நான் எந்த நாளும் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. புருஷன் வீட்டில் இருக்கும்போது பெண் சுன்னத்து நோன்பு பிடிப்பதானால் அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று சிறு வயதில் ஓதிக் கொடுத்தார்கள். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையாம். நம் வீட்டில் இன்று முதல் உண்டு. ரமழானுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை திங்களோ வியாழனோ, என்னைக் கேட்காமல் ஒரு நாளும் நீங்கள் நோன்பு பிடிக்கக் கூடாது. நான் உத்தரவு தரமாட்டேன். அல்லாஹ் உங்கள் வயிற்றையும் வழியையும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் காகிதம் கிடைத்த அன்றே சோறு சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு பதில் எழுதுங்கள்.

றுகையா