பாட்டிலில் ஊற்றிய வெந்நீர்

விருத்தாசலம்

அன்பு மகள் அனிஷாவுக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் லீவு முடிந்து அங்கே வரும் உன் சித்தப்பா மகன் ராபர்ட்டிடம் ஊறுகாயோடு எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, அதுதான் பீங்கான் பொம்மை கம்பெனிக்குப் போவாளே, அவள் மகள் வெண்பா வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், பயப்படாதே. ஆனால் அது என்னால் வந்தது. போன மாதம் தண்ணீர் பரிசோதிக்கிற அரசாங்க லேபிலிருந்து பிரவீன்குமார் என்ற தம்பி வந்து நம் வீட்டில் ஒரு பாட்டிலைக் கொடுத்து, விடியற்காலையில் குழாயில் வருவதை அப்படியே பிடித்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கென்று பார்த்துக் கலங்கலாய், சாக்கடை வாடையோடு வந்தது. உன் அப்பா பெயர் எழுதி ஒட்டிய பாட்டில், அதிலா இதைக் கொடுப்பது, நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கூசிப்போய், துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆறவைத்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற நினைப்பு இந்தப் புத்தி கெட்டவளுக்கு. தெருத் தண்ணீரில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. “நல்ல தண்ணின்னு கவருமெண்டே சொல்லிட்டாங்க, இனிமே எதுக்குக்கா கேஸ செலவு பண்ணிக் காய்ச்சணும்” என்று பாஞ்சாலை சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டில் மட்டும் காய்ச்சிக் குடித்தோம்.

குழந்தை படுத்த பிறகுதான் உறைத்தது. அப்பா, “வுடு அன்னமேரி, நீ என்ன வேணும்னேவா செஞ்ச?” என்றார். மனசு கேட்கவில்லை, பிரவீன்குமாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவரே வந்து குழாயில் பிடித்துப் போனார், கிருமி இருந்தது, சாக்கடை ஓரம் உடைந்திருந்த பைப்பைத் தோண்டி மாற்றிவிட்டார்கள். பாஞ்சாலையிடமும் போய்ச் சொன்னேன். “என்கிட்ட அந்தப் பாட்டில குடுத்திருந்தா நாத்தத்தோடவே புடிச்சிக் குடுத்திருப்பேனே அக்கா” என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

தினமும் ஒரு தூக்கில் தண்ணீர் காய்ச்சி அவள் வாசலில் வைத்தேன். நேற்று வெண்பா அதைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, “நாங்களே காய்ச்சிக்கிறோம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க பெரிம்மா” என்றாள். வாங்கிக்கொண்டேன். பிள்ளையின் கை சூம்பிப்போயிருக்கிறது.

நீ நர்ஸ், எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள், உன் கைக்கு மாதா என்றும் துணையிருக்கட்டும். மறந்துவிடாதே, கிறிஸ்துமசுக்கு வரும்போது வெண்பாவுக்கு ஒரு கவுன் எடுத்து வா. அதை நீயே கொண்டுபோய்க் கொடு. நான் கொடுத்தால் பாஞ்சாலை வாங்கமாட்டாள்.

உன் அம்மா,
அன்னமேரி