ஆறு மணிக்கு இரண்டு வானொலி

2017 ஜூலை 3

மத்தியானம் பாரைமீன் குழம்பு. உப்புக் கூடிவிட்டது. நாலரைக்கு ஓட்டோ பிடித்துக் கலையகத்துக்குப் புறப்பட்டேன். சாரதி தன்பாட்டுக்கு றேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். துறை எப்.எம். வந்தது. விளம்பரத்தில் றிப்தியின் குரல்.

"ஆறு தந்தி, இன்று முதல் உங்கள் துறை எப்.எம்.மில். அசல் ரொக், அசல் குரல்."

எங்கள் நிகழ்ச்சி. நாலு வருடம் களப்பு எப்.எம்.மில் அவனும் நானும் சேர்ந்து செய்தது. அந்தப் பெயரை வைத்தவள் நான். பழைய ரொக், எழுபதுகளின் தமிழ்ப் பொப் எல்லாம் புத்தளத்தில் யார் கேட்பார்கள் என்று சிரித்தார்கள். உப்பளத்தில் கேட்டார்கள், கற்பிட்டி ஹோட்டல்களில் கேட்டார்கள், சிலாபத்திலிருந்துகூடத் தொலைபேசி எடுத்துப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனவன். ஓய்வெடு என்று நான் வேறு சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? ஒரேயொரு சொல்?

இன்று எங்கள் பக்கம் ஆறு மணிக்குப் பாட்டு மட்டும் போனது. என்னால் வாய் திறக்க முடியவில்லை.

ஜூலை 4

இன்று திறந்தேன்.

"வணக்கம், இது களப்பு. நான் சுலக்சனா. நேற்று ஒன்றும் பேசவில்லை, மன்னியுங்கள். நிகழ்ச்சியின் பெயர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பாட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. நானும் இங்கேதான் இருக்கிறேன். இனி இந்த நிகழ்ச்சிக்குப் பெயர் இல்லை. ஆறு மணி என்றால் ஆறு மணி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெனோசன் தலையை ஆட்டினார். எங்கள் ஒலிக்கருவிகளைப் பார்ப்பவர் அவர். அதிகம் பேசமாட்டார். தலையை ஆட்டினாலே பெரிய பாராட்டு.

ஆறரைக்கு, மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு. அந்த ஐந்து நிமிடம் மட்டும் இரண்டு வானொலியிலும் ஒன்றுதான் கேட்கும். அது முடிந்ததும் மறுபடி சண்டை.

ஜூலை 9

ஒரு நேயர் எடுத்து, றிப்தி இல்லாமல் ஒரு பொம்பிளைக்குக் கிற்றார் விளங்குமா என்று கேட்டார். நன்றி சொல்லிவிட்டு, பதினொரு நிமிடப் பாட்டொன்றை வெட்டாமல் முழுதாகப் போட்டேன். முடிந்தபோது, உங்களுக்கு விளங்கினதை எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். எடுக்கவில்லை.

ஜூலை 19

மஸாஹிர் நானா கூப்பிட்டார். களப்பு அவருடையது. மதுரங்குளியில் இருக்கும் இரும்புக் கடைதான் அவருடைய உண்மையான தொழில். வானொலி ஆசைக்கு.

ஹோட்டல் விளம்பரங்கள் எல்லாம் துறைக்குப் போய்விட்டனவாம். களப்பை மூடப்போகிறார்கள் என்று அங்கே யாரோ கதை பரப்பியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் அதை நம்பிவிட்டார்கள்.

"தங்கச்சி, கோவிக்க வாணாம்," என்றார். "பழைய பாட்டுக்கு ஆக்கள் அங்க போயிட்டாங்க. செப்டம்பர்லேந்து நாங்க சினிமாப் பாட்டுக்குப் போவோம்."

செப்டம்பர் வரை என்னை விடுங்கள் என்றேன். விட்டார். பாவம், கெட்ட மனிதர் இல்லை.

அன்று மாலையே நிகழ்ச்சியில் சொன்னேன்: களப்பை மூடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் எங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.

ஜூலை 22

றிப்தி வந்தான். கலையகத்துக்குள் வரவில்லை. எதிரே தேநீர்க்கடையில் நின்றான். மெலிந்திருந்தான். அதைக் கவனித்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது.

துறைக்கு வரச் சொன்னான். பழையபடி இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாமாம், முதலாளியிடம் பேசிவிட்டானாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நான் அவனைப் போகவிட்டிருக்க மாட்டேன் என்றான்.

ஓம், விட்டிருக்கமாட்டன்தான்! அதுக்காக? காய்ச்சல் எண்டு பொய் சொல்லிப் போட்டுப் போறதா? ரெண்டு பேரும் யுத்தத்தில வடக்கை விட்டு இந்த ஊருக்கு வெறுங்கையோட வந்த குடும்பம். அவன்ர ஆக்கள் தொண்ணூறில, என்ர ஆக்கள் தொண்ணூற்றாறில. கதவைத் தட்டி ஒரு சொல் சொல்லாமல் போறது எப்பிடி இருக்கும் எண்டு அவனுக்குத் தெரியாதா?

இதில் எதையும் அவனிடம் சொல்லவில்லை. "நான் வரேல்ல, றிப்தி" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 30

சிலாபம். தேவாலயப் பூசை முடிந்து அல்பிரட் அங்கிள் வரும்வரை அவர் வீட்டு வாசலில் நின்றேன். எழுபத்துநாலில் 'சோல்ட் போய்ஸ்' என்று ஒரு இசைக்குழு இருந்தது. தமிழில் ஒரேயொரு இசைத்தட்டு போட்டார்கள். அதில் கிற்றார் வாசித்தவர் அவர். நாற்பது வருடமாக மேடை ஏறவில்லை. அவர் எங்கள் கலையகத்துக்கு வந்து வாசித்தால், செப்டம்பரைப் பற்றி நானாவிடம் மறுபடி பேசலாம் என்று நினைத்தேன்.

துறைக்காரர்கள் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்கள். கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் பெரிய மேடை, விளக்கு, எல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

"மகள், நீ நல்லாத்தான் கதைக்கிறாய். நான் உன்னையும் கேக்கிறனான்," என்றார். "ஆனா நீ அறைக்குள்ள கூப்பிடுறாய். அவங்க ஆக்களுக்கு முன்னால கூப்பிடுறாங்க."

அவர் மனைவி பாணும் பருப்பும் தந்தார். சாப்பிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை, புத்தளம் வரைக்கும் நின்றே வந்தேன்.

ஆகஸ்ட் 7

துறையில் நாள் முழுக்க அல்பிரட், அல்பிரட், அல்பிரட். சனிக்கிழமை கண்டக்குழி மேடை நேரடியாகப் போகுமாம். நானா சனிக்கிழமை மாலைக்கு விடுமுறை எடுக்கச் சொன்னார். யாரும் கேட்கப் போவதில்லையாம். எடுக்கமாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 12, சனி

இன்றையதை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஆறு மணிக்குத் தொடங்கினேன். நேயர் அழைப்பு ஒன்றுகூட இல்லை. பாங்கு முடிந்தபின், துறையில் என்ன போகிறது என்று ஜெனோசன் ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழுக்கு அல்பிரட்டை மேடைக்கு அழைத்தார்கள். கைதட்டல். பிறகு பழைய இசைத்தட்டுப் பாட்டுப் போனது. தெளிவாக, ஒரு பிசகும் இல்லாமல்.

"இது அவர் வாசிக்கிறது இல்லை," என்றார் ஜெனோசன். "தட்டு."

அப்போது கலையகத் தொலைபேசி அடித்தது. றிப்தி. பின்னால் காற்றும் ஆட்களின் சத்தமும்.

முதலாளி தட்டைப் போட்டுவிட்டு, அல்பிரட்டைக் கிற்றாரோடு சும்மா நடிக்கச் சொன்னாராம். அல்பிரட்டுக்கு இரண்டு விரல் சரியாக மடங்காது, ஒத்திகையில் தடுமாறியிருக்கிறார். அவர் மேடையில் அப்படியே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாராம். பாட்டுப் போகிறது, அவர் நிற்கிறார், சனம் பார்க்கிறது. றிப்தி போய்த் தட்டை நிறுத்திவிட்டான். உடனே முதலாளி கண்டக்குழி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார். இப்போது துறையில் அந்தத் தட்டு கலையகத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

"சுலா, அவர் இப்ப வாசிக்கப் போறார். நம்மட லைன்ல போடுறியா?"

நம்மட என்றான்.

ஒரு மாதமாக மனதில் எத்தனையோ பதில் அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. உண்மையாகவே இருந்தது. ஜெனோசன் என் முகத்தைப் பார்த்தார்.

"ஃபோனை அவருக்குக் கிட்டப் பிடி," என்றேன்.

தொலைபேசி வழியாக வந்த கிற்றார் தகரத்தில் தட்டுவதுபோலக் கேட்டது. காற்று பாதியைத் தின்றது. இரண்டு இடத்தில் பிழைத்தார். ஓரிடத்தில் நின்றே விட்டார். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, தட்டில் இல்லாத ஏதோ ஒன்றை வாசித்தார். மெதுவாக, மடங்காத விரலுக்கு வசதியாக, தானே புதிதாக. நான் வாயே திறக்கவில்லை. முடிந்ததும் மட்டும் சொன்னேன்: "கேட்டது அல்பிரட். கண்டக்குழியிலிருந்து. இப்போது."

பிறகு தொலைபேசியின் எல்லா விளக்கும் எரிந்தது. ஒரு அழைப்பை எடுத்தால் அடுத்தது காத்திருந்தது.

ஆகஸ்ட் 14

றிப்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். துறை முதலாளி நானாவுக்குத் தொலைபேசி எடுத்து, களவு ஒலிபரப்பு, வழக்குப் போடுவேன் என்று கத்தினாராம். நானா பயந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். பயந்துதான் இருந்தார்.

நான் செய்தது எனக்குத் தெரியும், மறுபடி கேட்டாலும் செய்வேன், வேண்டுமென்றால் என்னையும் நிறுத்துங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சனிக்கிழமை கடை பூட்டுற நேரம், சாமான் வாங்க வந்த ஒருவரும் அந்தப் பாட்டு முடியும்வரை போகவில்லை என்றார் நானா.

"வழக்குப் போட்டா போடட்டும்," என்றார். "ஆறு மணி அப்பிடியே இருக்கட்டும்."

ஆகஸ்ட் 21

வழக்கு ஒன்றும் வரவில்லை. ஹோட்டல் விளம்பரமும் வரவில்லை. மதுரங்குளிக் கடைகளின் விளம்பரங்கள் வந்திருக்கின்றன.

செப்டம்பர் 4

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இன்றுதான் வேலை. துறையில் இப்போது ஆறு மணிக்குச் சினிமாப் பாட்டு.

காலை நிகழ்ச்சிக்கு றிப்தியை எடுப்போமா என்று நானா கேட்டார். நல்ல அறிவிப்பாளன், எடுங்கள் என்றேன். இன்று முதல் நாள். மீன் விலை, பஸ் நேரம், மரண அறிவித்தல் எல்லாம் சுத்தமாக வாசித்தான். அவனிடம் அதைச் சொன்னேன்.

பின்னேரம் போகாமல் வாசலில் நின்றான். மன்னிப்புக் கேட்டான். கேட்டுக்கொண்டேன். ஆறு மணிக்குத் தானும் வந்து இருக்கவா என்றான்.

"வேணாம், றிப்தி. அது என்ர."

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஆறுக்குத் தொடங்கினேன். முதல் அழைப்பு. வணக்கம், யார் பேசுவது என்றேன்.

"றிப்தி. புத்தளத்திலேந்து."

என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். சொன்னான். நல்ல பாட்டுத்தான்.

நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, நான் எடுத்து வைத்திருந்த பாட்டைப் போட்டேன்.