தலைவர் தானம் செய்த வயல்

உன்னிச்சை,
பங்குனி 24.

அன்புள்ள மகள் மேனுகாவுக்கு,

நான் சுகம்; முழங்கால் மட்டும் என் சொற்படி நடப்பதில்லை. நீயும் மருமகனும் மெல்பேர்னில் நோய்நொடியின்றி இருக்க மாமாங்கேஸ்வரர் துணைநிற்கட்டும். சென்ற ஞாயிறு தொலைபேசியில் நீ என்னை வாயெடுக்கவே விடவில்லை, ஆதலால் எழுதுகிறேன். கடிதத்தை இடைமறிக்க உன்னால் முடியாது. "அந்த மனிசனுக்குக் கீழ எழுவத்திரண்டு வயசில என்னத்துக்கம்மா செயலாளர் வேலை, எழுதிக் குடுத்திட்டு வீட்டில இருங்க" என்றாய். வினாயகமூர்த்தி எங்கள் ஊர் உழவர்களின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராகி ஐந்து ஆண்டுகள். இன்றுவரை நான் நீட்டிய ஒரு தாளையும் அவர் வாசித்ததில்லை. வாசிப்பது செயலாளரின் வேலை, பேசுவது தம் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் பிந்தி வந்து, காத்திருந்தவர்களுக்கு நேரந்தவறாமை பற்றி அரை மணி நேரம் உரையாற்றுவார். அவருடைய கதிரையில் துவாய் விரித்திருக்க வேண்டும். துவாய் இல்லாத நாளில் நாட்டின் ஒழுக்கமே கெட்டுவிடும். பேராதனையில் நான் படித்த அரசியல் விஞ்ஞானத்தில் இப்படியொரு தலைவருக்குப் பாடம் இருக்கவில்லை. ஆயினும் அவரைத் தெரிவுசெய்யக் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. உயர்த்திய கையை இப்போது சேலைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டில் இருக்க எனக்கு வெட்கம்.

நீ ஊரை விட்டுப் போன பதினோராண்டில் மறந்திருப்பாய் என்பதால் சொல்கிறேன்: குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் கோடைச் சிறுபோகத்துக்குக் கீழ் வட்டை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அந்த ஒரு போகத்துக்கு மேல் வட்டைக்காரர் தம் வயலில் பாதியைக் கீழ் வட்டைக்காரருக்கு விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். இம்முறை மாரித் தொடக்கத்தில் ஒரு வெள்ளம், அதன்பின் மழையே இல்லை; குளத்தில் பாதி நீரும் இல்லை. கீழ் வட்டை அழகரத்தினத்துக்கோ மாரி வெள்ளத்தில் விதைநெல்கூட மிஞ்சவில்லை. இந்தச் சிறுபோகமும் தவறினால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போவதென்று இருந்தான். போக ஆரம்பக் கூட்டத்தில், நீர்ப்பாசன அதிகாரியின் முன்னால், நம் தலைவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு "முதல்ல என்ட வயலப் பங்கு போடுங்க, பாதி அழகரத்தினத்துக்கு!" என்று முழங்கினார். பலத்த கைதட்டல். மறுநாட் காலை என் வாசலில் வந்து நின்று, "டீச்சர், அது சும்மா மேடைக்குச் சொன்ன கதை. இந்தமுறை பங்கு இல்ல, மேல் வட்டைக்காரர் மட்டும் விதைக்கிற எண்டு எழுதுங்க" என்றார். தம் ஒப்பமிட்ட கூட்டறிக்கையில் உள்ளதைத்தான் நீர்ப்பாசனக் கந்தோர் ஏற்கும் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் சொன்னதை எழுதிவிட்டேன், சொல்லாததை எழுதமாட்டேன், வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் எழுந்து மாற்றிச் சொல்லுங்கள், அதையும் ஓரெழுத்து விடாமல் எழுதுவேன் என்றேன். "உங்களச் செயலாளராக்கினதே நான்தான்!" என்று அவர் கத்தியதில் முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின, நான் ஓடவில்லை.

உபதலைவர் அசனார் காக்கா ஒரு யோசனை சொன்னார். "அந்தாள் எதையாவது வாசிக்கிறாரா டீச்சர்? கூட்டறிக்கைய உரக் கடிதங்களுக்குள்ள செருகிக் குடுங்க, கண்ண மூடிக்கிட்டு ஒப்பம் வெப்பார்" என்றார். உண்மைதான், வைத்திருப்பார். நான் உடன்படவில்லை. ஒருவருக்குக் கீழ் வேலை செய்கிறவள் அவர் முகத்துக்கு நேரே மறுக்கலாம். அவருக்குத் தெரியாமல் அவருடைய ஒப்பத்தை எடுக்கலாகாது, அறிவிலியிடம் எடுத்தாலும் களவு களவுதான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிக்கையை உரத்து வாசித்தேன், நெஞ்சிலடித்தது நீங்கலாக அவர் சொன்ன அனைத்தையும். சபை மறுபடியும் கைதட்டியது. அழகரத்தினம் எழுந்து நின்று தட்டினான். மறுப்பதற்காக எழுந்த தலைவர் வாயைத் திறந்தார். தட்டல் ஓயவில்லை. வாயை மூடினார், மெல்லக் கைகூப்பினார், பிறகு சிரிக்கவும் தொடங்கினார். ஒப்பம் வைத்தார், வழக்கம்போல் வாசிக்காமல்.

நேற்று நிலம் கையளிக்கும் வைபவம். மாலையும் படப்பிடிப்பும் அவருடைய சொந்த ஏற்பாடு. என்னுடைய இரண்டு ஏக்கரில் ஒன்றை நான் முதல்நாளே கீழ் வட்டைச் சீதேவி குடும்பத்துக்கு விட்டுவிட்டேன். எனக்கு எஞ்சிய ஓரேக்கரில் தலைவர் ஏறி நின்று, எல்லைக்கட்டையை அதற்குள் அடித்து, "என்ட நிலத்த அழகரத்தினத்துக்குத் தாறன்" என்று படத்துக்குச் சிரித்தார். தம் வயல் எதுவென்று தெரியாமல் நின்றாரா, நன்றாகத் தெரிந்தே நின்றாரா என்று நான் ஆராயவில்லை. அவருடைய கார் போனபின் அழகரத்தினத்தைக் கூட்டிச்சென்று, கட்டையைப் பிடுங்கி, இரண்டு வரம்பு தள்ளித் தலைவருடைய வயலின் நடுவில் அறைவித்தேன். தலைவர் சபையில் கொடுத்த வாக்கை நிறைவேற்றி வைப்பது செயலாளரின் கடமையல்லவா? இன்று காலையிலிருந்து அழகரத்தினம் அங்கே உழுகிறான். உழவு இயந்திரத்தின் சத்தம் எனக்குக் கேட்கிறது, தலைவர் வீட்டுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். இதுவரை ஆள் வரவில்லை. படத்தை முகநூலில் போட்டு, ஊரெல்லாம் வாழ்த்தும் வாங்கிக்கொண்டவர் வந்து என்னவென்று கேட்பார்?

நேரத்துக்குச் சாப்பிடு, காலைக் கோப்பியை உணவென்று கணக்கிடாதே. நீயும் மருமகனும் எல்லா நலனும் பெற்று நெடுங்காலம் வாழ்வீர்களாக. அனுப்புவதாகச் சொன்ன முழங்காற் பட்டியை மறக்காமல் அனுப்பு. அடுத்த கூட்டத்தில் நான் நெடுநேரம் நிற்கவேண்டி வரும்.

உன் அம்மா,
அன்னப்பூரணி
(இன்னமும் செயலாளர்)